35 மில்லிமீட்டர் இறக்கிய போலோவுக்கு எந்த ஷாக்? பில்ஸ்டைன், கோனி, கேஒய்பி: ஒரு மதிப்பீடு

ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு, காரின் உயரத்தை 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, கம்பெனி ஷாக்கையே (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) அப்படியே விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். முதல் மாதம் குறை தெரியாது. கார் பார்க்க நன்றாக நிற்கும், வளைவில் சாய்வது குறையும். பிறகு பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் பாலத்து இணைப்புகளில் 'டொக்' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தைப் பலர் ஸ்பிரிங்கின் இறுக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஷாக் தன் பயணத்தின் அடியைத் தொட்டு, அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதுகிற சத்தம். இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் நொறுங்கும், ஷாக்கின் உச்சியைக் காரோடு பிணைக்கும் டாப் மவுண்ட் தளரும், ஷாக்கின் சீல் ஆயிலைக் கசியவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 2010 முதல் 2022 வரை இந்தியாவில் விற்ற போலோவை 30–35 மி.மீ. இறக்குவதாக இருந்தால் பில்ஸ்டைன் பி8 அல்லது கோனி ஸ்போர்ட், இரண்டில் ஒன்றை எடுங்கள். நல்ல சாலையில் அதிகம் ஓடுகிற, மாட்டிவிட்டு மறந்துபோக நினைக்கிறவருக்கு பி8. மோசமான சாலையும் உண்டு, திருகி அளவு பார்க்கப் பொறுமையும் உண்டு என்றால் கோனி. 15–20 மி.மீ. மட்டும் இறக்குவதானால் பில்ஸ்டைன் பி6, கேஒய்பி எக்செல்-ஜி போன்ற வழக்கமான நீளமுள்ளவையே போதும். 40-க்கு மேல் இறக்க ஆசைப்பட்டால் இந்தக் கட்டுரையில் வரும் எந்த ஷாக்கும் முழுத் தீர்வு தராது.

ஏன் நீளம் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. எடுத்துக்காட்டுக்காக, முன் சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ எடை இருக்கிறது, கம்பெனி ஸ்பிரிங்கின் இறுக்கம் மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன், நிற்கிற நிலையிலிருந்து முழுவதும் அமுங்க 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழியில் இறங்கும்போது, அந்த எடையைத் தாங்குவது போக ஸ்பிரிங் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் ஆற்றல் சுமார் 70 ஜூல். இப்போது 28 நியூட்டன் இறுக்கமுள்ள ஸ்பிரிங்கைப் போட்டு 35 மி.மீ. இறக்குகிறோம். மீதி இடம் 45 மி.மீ. அதே கணக்கைப் போட்டால் 28 ஜூல்தான் வருகிறது. ஸ்பிரிங் 27 சதவீதம் இறுகியும் தாங்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. பயணத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத்தான் ஆற்றல் ஏறி இறங்கும், அதனால்தான் இந்தச் சரிவு. 45 மி.மீ. இடத்தை வைத்துக்கொண்டு பழைய 70 ஜூலைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஸ்பிரிங்கின் இறுக்கம் கிட்டத்தட்ட 70 நியூட்டனுக்குப் போக வேண்டும். அந்தக் காரில் யாரும் உட்கார முடியாது.

உடலைக் குட்டையாகச் செய்த ஷாக் இங்கேதான் உதவுகிறது. அது 20 மி.மீ. பயணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீதி இடம் 65 மி.மீ. ஆகிறது, ஆற்றல் 59 ஜூலுக்கு ஏறிவிடுகிறது. ஸ்பிரிங் அதேதான், உயரமும் அதேதான். குட்டை ஷாக்குக்குக் கொடுக்கும் காசு பெரும்பகுதியும் இந்த 20 மில்லிமீட்டருக்குத்தான். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: குட்டையானது வெளியே நீளும் தண்டு மட்டுமா, அது நுழையும் உடலுமா? தண்டை மட்டும் வெட்டிக் குறுக்கிய ஷாக் காரைத் தூக்கும்போது ஸ்பிரிங் கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளும், அமுங்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது.

தணிப்பு, அதாவது ஷாக்கின் பிடி, இரண்டாவது விஷயம். ஸ்பிரிங் இறுகினால் ஷாக்கும் இறுக வேண்டும், ஆனால் அதே அளவுக்கு அல்ல. ஸ்பிரிங் இறுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் தேவை கூடும். 22-லிருந்து 28-க்குப் போனால் ஷாக்கின் பிடி 13 சதவீதம் கூடினால் போதும். "ஸ்போர்ட்" என்று எழுதியிருக்கிறதே என்று பாறை மாதிரி இறுகிய ஷாக்கை வாங்கி, பிறகு இடுப்பு வலிக்கிறது என்று கழற்றிப் போடுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்படும் கூடுதல் பிடியில் பெரும்பகுதி ஷாக் நீளும் திசையில் வேண்டும். இறுகிய ஸ்பிரிங் அமுங்கிய பிறகு வேகமாகத் திரும்பி எழும், அதைப் பிடித்து நிறுத்துவது அந்தத் திசைதான்.

இனி பொருள்களுக்கு வருவோம்.

கேஒய்பி எக்செல்-ஜி, பில்ஸ்டைன் பி4 இரண்டும் கம்பெனி ஷாக்குக்கு மாற்றாக வருபவை. நீளமும் பிடியும் ஏறக்குறைய கம்பெனி அளவுதான். எக்செல்-ஜி இரட்டைக் குழாய் அமைப்பு: உள்ளே ஒரு குழாயில் பிஸ்டன், அதைச் சுற்றி வெளியே ஒரு குழாயில் ஆயிலும் குறைந்த அழுத்த வாயுவும். கல் பட்டு வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகாது. விலையும் கைக்கு எட்டும். கம்பெனி ஸ்பிரிங்கோடு ஓடுகிற போலோவுக்கு இவை நியாயமான தேர்வு. 35 மி.மீ. இறக்கியதற்கு இவற்றை வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவதுதான், மேலே சொன்ன 28 ஜூல் கணக்கு அப்படியே பொருந்தும். கோனியின் ஸ்பெஷல் ஆக்டிவ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சின்னச் சின்ன அதிர்வுகளுக்கு ஆயிலுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிட்டு மென்மையாகவும், காரின் உடம்பு அசையும் பெரிய அசைவுக்கு இறுக்கமாகவும் நடந்துகொள்ளும் அருமையான அமைப்பு. கம்பெனி உயரத்தில் இருக்கும் காருக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும். இறக்கிய காருக்கு அல்ல.

பில்ஸ்டைன் பி6 ஒற்றைக் குழாய் அமைப்பு. பிஸ்டன் வெளிக்குழாயின் சுவரிலேயே உரசி ஓடும், மிதக்கும் இன்னொரு பிஸ்டனுக்குப் பின்னால் உயர் அழுத்த நைட்ரஜன் இருக்கும். ஆயிலும் வாயுவும் கலக்கவே வழியில்லை. மலைப்பாதையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஏறி இறங்கினாலும் ஆயில் நுரைக்காது, பிடி மாறாது. இந்த அமைப்பை 1950-களில் காருக்குத் தொடர் உற்பத்தியாகக் கொண்டுவந்ததே பில்ஸ்டைன்தான், 1957-இல் மெர்சிடீஸ் கார்களில். பி6-இன் நீளம் கம்பெனி நீளம். லேசாக மட்டும் இறக்கும் ஸ்பிரிங்கோடு நன்றாக ஒத்துப்போகும், 35-க்கு வேண்டாம். பெயரில் எண் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கடையில் பி8 கேட்டு பி6 வாங்கி வருவது சாதாரணமாக நடக்கிறது. பெட்டியில் இருக்கும் பார்ட் எண்ணை பில்ஸ்டைன் கேட்லாக்கில் போட்டுப் பார்த்து, எந்த வரிசை என்று உறுதி செய்த பிறகே காசு கொடுங்கள்.

பி8 என்பது பி6-இன் குட்டை வடிவம், இறக்கும் ஸ்பிரிங்குக்கென்றே செய்தது. இதோடு ஐபாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து ஒரே பெட்டியில் கொடுத்தால் பி12. அதில் ப்ரோ-கிட் வகை சுமார் 30 மி.மீ. இறக்கும், ஸ்போர்ட்லைன் இன்னும் அதிகமாக இறக்கும். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தனித்தனியே தேடி ஒத்துப்போகுமா என்று கவலைப்படுவதைவிட ப்ரோ-கிட் பி12 நிம்மதி.

பி8-இன் குணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். பிஸ்டன் மெதுவாக நகரும்போதே இது உறுதியாகப் பிடித்துவிடும். லேன் மாறும்போதும், பிரேக் மிதிக்கும்போதும், வளைவில் நுழையும்போதும் கார் தளர்ந்து ஆடுவது சட்டென்று குறையும். பிஸ்டனின் வேகம் கூடும்போது வால்வு திறந்து கொடுக்கும், அதனால் பெரிய குழியில் எதிர்பார்த்ததைவிட நல்லபடியாகவே நடந்துகொள்ளும். சிரமம் நடுவில் இருக்கிறது: பெயர்ந்த தார், ஜல்லி தெரியும் ஒட்டுப்போட்ட சாலை, சிமென்ட் சாலையின் வரிசையான இணைப்புகள். அங்கே சீட்டுக்குக் கீழே ஒரு நடுக்கம் தொடர்ந்து தெரியும். தினமும் அப்படிப்பட்ட சாலையில்தான் போகிறீர்கள் என்றால் பி8 பிடிக்காமல் போகலாம். நாற்கர நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் இதற்கு நிகராக நிற்கும் ஷாக் இந்த விலையில் கிடைப்பது கடினம்.

இன்னும் இரண்டு விவரங்கள். ஒற்றைக் குழாயில் வாயுவின் அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 25 பார் அழுத்தம், 11 மி.மீ. தண்டு என்றால் ஒரு ஷாக்குக்கு சுமார் 240 நியூட்டன், அதாவது 24 கிலோ. எனவே மாட்டிய பிறகு கார் ஸ்பிரிங் பெட்டியில் போட்டிருக்கும் அளவைவிட சில மி.மீ. உயரமாக நிற்கலாம், அது பழுது அல்ல. இரண்டாவது, பில்ஸ்டைனின் முன் ஸ்ட்ரட்டுகள் (ஸ்பிரிங்கைத் தன்மேல் தாங்கி நிற்கும் முன்பக்க ஷாக்) பெரும்பாலும் தலைகீழ் அமைப்பு. மெல்லிய தண்டுக்குப் பதிலாகத் தடித்த ஷாக் உடலே வெளிக்குழாய்க்குள் சறுக்கி ஓடும். பிரேக் போடும்போதும் வளைவிலும் வரும் பக்கவாட்டு விசையில் வளையாமல் நிற்க இது அருமையான ஏற்பாடு. இந்த அமைப்பில் பம்ப் ஸ்டாப் உள்ளேயே இருக்கும். பழைய பம்ப் ஸ்டாப்பையும் மேலே செருகி மாட்டினால் இரண்டு ரப்பர் சேர்ந்து பயணத்தைத் தின்றுவிடும், குட்டை ஷாக் வாங்கியதன் பலன் போய்விடும். பழைய ரப்பரைப் போடவா, வெட்டவா, விடவா என்பது பெட்டிக்குள் வரும் தாளில் ஒவ்வொரு பார்ட் எண்ணுக்கும் தெளிவாக இருக்கும். மெக்கானிக்கிடம் ஷாக்கைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைக் கொடுங்கள்.

கோனியில் இறக்கிய காருக்கு இரண்டு உண்டு. ஆரஞ்சு நிற எஸ்டிஆர்.டி திருகி மாற்ற முடியாதது, விலை குறைவு, மிதமாக இறக்கிய காருக்கு ஒத்துவரும். பட்ஜெட் கையைக் கடித்தால் இதைத் தயங்காமல் எடுக்கலாம். மஞ்சள் நிற ஸ்போர்ட் வேறு தரம். நீளும் திசையின் பிடியை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். முன்பே சொன்னபடி இறுகிய ஸ்பிரிங்குக்கு முக்கியமாக வேண்டியதும் அந்தத் திசைதான், எனவே ஸ்பிரிங் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்கு ஏற்றபடி ஷாக்கை அமைத்துக்கொள்ளலாம். அமுங்கும் திசை மிதமாகவே இருப்பதால் பெயர்ந்த தார்ச்சாலையில் பி8 காட்டும் நடுக்கம் இதில் குறைவு.

திருகும் முறை தெரியாமல் பாழாக்கியவர்கள் உண்டு. முன் ஸ்ட்ரட்டில் பொதுவாகத் தண்டின் உச்சியில் குமிழை மாட்டி, காரில் இருக்கும்போதே திருப்பலாம். பின் ஷாக்கைப் பல மாடல்களில் கழற்றித்தான் ஆக வேண்டும்: தண்டை அடிவரை அழுத்தி, உள்ளே இருக்கும் பல்லில் உட்காரும்வரை மெதுவாகச் சுற்றி, பிறகு அளவாகத் திருப்ப வேண்டும். மொத்த எல்லை சுமார் இரண்டு சுற்று. கடைசியில் முட்டிய பிறகு பலம் போட்டால் உள்ளே உடையும். தொழிற்சாலையிலிருந்து குறைந்தபட்சப் பிடியில்தான் வரும். புது ஷாக்கில் அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள், கால் சுற்று கால் சுற்றாகக் கூட்டுங்கள், இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை. பின் ஷாக்கை மீண்டும் கழற்றுவது வேலை என்பதால், 25–30 சதவீதம் இறுகிய ஸ்பிரிங்குக்குப் பின்பக்கம் முதலிலேயே கால் அல்லது அரைச் சுற்று வைத்து மாட்டிவிடலாம்.

எங்கே நிறுத்துவது? ஒரு மேட்டைத் தாண்டிய பின் கார் ஒரு முறை எழுந்து அமர வேண்டும். இரண்டாம் முறையும் எழுந்தால் பிடி போதவில்லை. அதற்கு நேர்மாறான தவறுதான் இறக்கிய காருக்கு ஆபத்தானது. பிடியை அளவுக்கு மீறிக் கூட்டினால், அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் கீழே திரும்பி வர நேரமிருக்காது. முதல் மேட்டில் 20 மி.மீ. அமுங்கியது முழுதாக நீள்வதற்குள் இரண்டாவது வந்து இன்னும் அமுக்கும். நாலைந்து மேட்டில் கார் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடும். ஓட்டுபவருக்கு இது "ஷாக் போதவில்லை, இன்னும் இறுக்கு" என்றே தோன்றும், இறுக்க இறுக்க மோசமாகும். சுங்கச்சாவடிக்கு முன் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள் இதைச் சோதிக்கச் சரியான இடம். முதல் பட்டைகளைவிடக் கடைசிப் பட்டைகள் அதிகம் அடித்தால் அரைச் சுற்று குறையுங்கள்.

உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் வகை பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. பில்ஸ்டைன் பி14, பி16, ஜப்பானின் டெய்ன் போன்றவை தரமானவை. 40 மி.மீ.க்கு மேல் இறக்குகிறவருக்கும், நான்கு மூலை எடையைத் தராசில் பார்த்து அமைக்கிறவருக்கும் அவை வேண்டும். மழைநீரும் சேறும் பட்டு மரை இறுகிப்போவதால் வருடத்துக்கு ஒரு முறையாவது கழுவி, துருத் தடுப்பு பூசி, வளையத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பராமரிப்புக்கு நேரமில்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இந்திய போலோவுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. நம் சாலைகளுக்காக இங்கே விற்ற போலோ ஐரோப்பிய போலோவைவிட உயரமாக நிறுத்தப்பட்டது, தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. ஐரோப்பிய ஸ்பிரிங் பெட்டியில் "30 மி.மீ. இறக்கம்" என்று போட்டிருப்பது அங்கே விற்ற காரின் உயரத்திலிருந்து. இங்கே மாட்டினால் அதைவிட அதிகமாக இறங்கும். ஆகவே இறக்கத்தின் எண்ணை வைத்து ஷாக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து வீல் ஆர்ச்சின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் குழப்பும். டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் முன்பக்க எடை வேறு, ஸ்பிரிங் கேட்லாக்கில் அச்சுக்கு இத்தனை கிலோ வரை என்று போட்டிருப்பதையும் பாருங்கள். 1.2 லிட்டர் பெட்ரோலுக்கான ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் மூக்கு தொங்கும்.

வேகத்தடையைத் தாண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தியச் சாலை மாமன்றத்தின் ஐஆர்சி 99 விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை கார் போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். போலோவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 2.47 மீட்டர், அதாவது வேகத்தடையைவிடக் குறைவு. கார் அதன் மேல் நடுவாக நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும், நடுப்பகுதியில் மேடு எட்டிப் பார்ப்பது 45 மி.மீ. மட்டும். 35 மி.மீ. இறக்கிய காரின் இடைவெளி 130, ஆள் ஏறியதில் நடுவில் 25 போனால் 105. 45-ஐக் கழித்தாலும் 60 மி.மீ. மிச்சம், தாராளமாகத் தாண்டும். ஊருக்குள் ஒரு மீட்டர் அகலத்தில் தார் கொட்டிக் குவித்த 10 செ.மீ. மேடு என்றால் கதை வேறு. அது முழுதாக இரண்டு அச்சுக்கும் இடையில் வந்துவிடும், 105-இல் 100 போக மிச்சம் 5. முன் சக்கரம் இறங்கிய அதிர்வில் கார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினாலே அடிப்பாகம் உரசும். நல்ல ஷாக் இந்த அமுங்கலைக் குறைக்கும், ஆனால் இல்லாத இடைவெளியை அது உண்டாக்காது. தினசரி வழியில் அப்படிப்பட்ட மேடு இருந்தால் 20 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வதே சரி. குறுக்காகச் சாய்த்து ஏற்றுவது ஓரளவு உதவும்.

பின்பக்கத்துக்கு வருவோம். போலோவில் பின்னால் இருப்பது முறுக்கு உத்திர அமைப்பு, அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் முறுகிக்கொடுக்கும் ஒரே உத்திரம் இணைக்கும். ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் நிற்கும். அதிகச் சுமை ஏறுவது இங்கேதான். பின் அச்சில் 150 கிலோ கூடினால் சக்கரத்துக்கு 75 கிலோ. சக்கரத்தில் அளந்த இறுக்கம் 20 நியூட்டன் என்றால் இன்னும் 37 மி.மீ. அமுங்கும். 35 ஏற்கெனவே இறக்கியாயிற்று. மொத்தம் 72. வழக்கமான நீளமுள்ள ஷாக் இந்த நிலையில் பம்ப் ஸ்டாப்பில் சாய்ந்தபடிதான் ஓடும். முன்பக்கத்துக்கு மட்டும் நல்ல ஸ்ட்ரட் வாங்கி, பின்னால் பழையதை விட்டுவைக்கும் சிக்கனம் தவறு என்று சொல்வது இதனால்தான். இன்னொன்று, காரை ஜாக்கியில் தூக்கும்போது குட்டை ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையை விட்டு நகரலாம். இறக்கும்போது நுனி சரியான இடத்தில் உட்காராவிட்டால் சத்தமும் வரும், உயரமும் மாறும். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலும் ஸ்பிரிங் இறுகி நிற்க வேண்டும் என்பதைத்தான் ஜெர்மனியின் பரிசோதகர்களும் பார்க்கிறார்கள். குட்டை ஷாக் இதையும் சேர்த்துத் தீர்க்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. ஆறு சுருள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும், அதுவரை கணக்கு சரி. இருக்கையில் உட்காரும்படி வளைத்துச் செய்த நுனி போய்விடும், வெட்டிய சூட்டில் அந்த இடத்து எஃகு தன் வலுவை இழக்கும். உயிரோடு விளையாடும் வேலை இது, எந்த ஷாக்கும் இதற்குத் துணை நிற்காது.

வாங்கும் முன் செய்யக்கூடிய எளிய சோதனை: கம்பெனி ஷாக் இருக்கும்போதே பின் ஷாக்கின் தண்டில், உடலை ஒட்டி ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டுங்கள். ஒரு வாரம் வழக்கமான சாலையில் வழக்கமான ஆட்களோடு ஓட்டுங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது, பம்ப் ஸ்டாப்புக்கு இன்னும் எத்தனை மி.மீ. மிச்சம் என்று பாருங்கள். மிச்சம் 15 என்றால், கம்பெனி ஷாக்கோடு நீங்கள் இறக்கக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாட்டும் நாளில் கூடவே வாங்கி வைக்க வேண்டியவை: முன் டாப் மவுண்ட் இரண்டு, அதன் பேரிங் இரண்டு, தூசி உறை நான்கு, ஷாக் பெட்டியில் வரும் தாள் கேட்டிருந்தால் பம்ப் ஸ்டாப் நான்கு, கம்பெனி ஒரு முறைக்கு மட்டும் என்று சொல்லும் போல்ட்டும் நட்டும். 60,000 கி.மீ. ஓடிய பேரிங்கை மறுபடி போட்டு, ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகி 'டங்' என்று விடுபடும் சத்தம் வந்த பின் மொத்தத்தையும் திரும்பக் கழற்றுவது இரட்டைக் கூலி.

பட்டறையில் நின்று கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு. உச்சி நட்டை இம்பேக்ட் கன் வைத்து இறுக்கக் கூடாது. தண்டு சேர்ந்து சுழன்று பிஸ்டன் நட்டையும், கோனியில் திருகும் அமைப்பையும் கெடுக்கும். தண்டை அறுகோணச் சாவியால் பிடித்து, நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது, மின்னும் மேற்பரப்பில் விழும் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். இரட்டைக் குழாய் ஷாக் கடையில் படுக்கையில் கிடந்திருக்கும், உள்குழாயில் வாயு புகுந்திருக்கும். நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுதாக அழுத்தி நீட்டிய பிறகே மாட்ட வேண்டும், ஒற்றைக் குழாய்க்கு இது தேவையில்லை. நான்காவதை ஏறக்குறைய எல்லாப் பட்டறையும் விட்டுவிடுகிறது. முன் சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் புஷ் (மூட்டிலுள்ள ரப்பர்), பின் உத்திரத்தின் புஷ், பின் ஷாக்கின் கீழ் புஷ் இவற்றின் போல்ட்டைத் தளர்த்தி, கார் தன் எடையில் புது உயரத்தில் நிற்கும்போதுதான் கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். தளர்த்தாமல் விட்டால் ரப்பர் 35 மி.மீ. முறுகிய நிலையிலேயே நாள் முழுதும் நிற்கும், சில மாதங்களில் கிழியும்.

முதல் 300–500 கி.மீ.க்குள் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரும். அலைன்மென்ட் அதற்குப் பிறகு. அவசரத்துக்கு அன்றே ஒரு முறை பார்த்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். முன் டயரின் உட்புறம் மட்டும் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை (சக்கரம் மேலே உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது) குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. காரை இறக்கும்போது ஸ்டீயரிங் தண்டின் கோணம் மாறி டோ நகர்ந்துவிடும், அதைச் சரிசெய்தால் லேசான கேம்பர் டயரைத் தின்னாது. பின் உத்திரத்தில் டோ, கேம்பர் இரண்டையும் அலைன்மென்ட் கடையில் திருகி மாற்ற வழியில்லை, எண்ணை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும் அன்றே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள் ஸ்பிரிங்கோடும் ஷாக்கோடும் வரும் பார்ட்ஸ் சான்றிதழை எடுத்துப் போய்ப் பரிசோதகரிடம் பதிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங்கின் சான்றிதழில் எந்த ஷாக்கோடு போடலாம் என்ற நிபந்தனையும் இருக்கும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கு ஷாக்கையும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். சீலைச் சுற்றி லேசான ஈரம், அதில் ஒட்டிய தூசி என்றால் கவலை வேண்டாம், தண்டு தன்னை நனைத்துக்கொள்ள அது வேண்டும். உடலில் ஆயில் வழிந்து கீழ் புஷ் வரை வந்திருந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். பிறகு நான்கு ஆர்ச்சையும் மீண்டும் அளந்து, மாட்டும் முன் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் இடத்துக்கும் வலத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஷாக்கைச் சந்தேகிப்பதற்கு முன் ஸ்பிரிங்கின் நுனி இருக்கையில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.